ஜாஃபிலியாவில் ஒரு நிமிடம்

மூன்றாவது மாடி.
இரண்டு முறை யோசித்த பிறகே
மூடுகிறது லிஃப்ட் கதவு.

"அமைதியான ஏரியா மேடம்.
டவுன்டவுன் பத்தே நிமிஷம்.
புர்ஜ் தெரியும்" என்றார் மொகுதூம்.

தெரிந்தது.
சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு
இடதுகாலில் எம்பிப் பார்த்தால்
இரண்டு தண்ணீர்த் தொட்டிகளுக்கு நடுவே
ஒரு கம்பி முனை, அரை விரல் நீளத்துக்கு.
அந்த அரை விரலுக்கும் அமைதிக்கும் சேர்த்து
வருஷத்துக்கு மூவாயிரம் திர்ஹம் கூடுதல்.

"ஃபேமிலிதானே?"
"ஆமாம்."
"எத்தனை பேர்?"
"ஒருத்தி."

சாவிக்கொத்து ஒரு கையிலிருந்து
மறுகைக்குப் போனது.
ஓனருக்கு ஒரு வார்த்தை,
ஹஸ்பெண்ட் பின்னால வர்றாருன்னு சொல்லிக்கட்டுமா?
அவர் வரமாட்டார், அது அவருக்கே தெரியும் என்றேன்.

கராமாவில் பதினோரு வருஷம்.
ஒரே அறை, ஆறு கட்டில், ஏழு அலாரம்.
சாந்தினி ஊருக்குப் பேசுகிற இரவுகளில்
அவள் மாமியார்மேல் எனக்கும் கோபம் வரும்.
அழ வேண்டுமென்றால்
குளியலறை வரிசையில் நின்றுதான் அழ வேண்டும்,
என் முறை வருவதற்குள்
எதற்கு என்பது மறந்திருக்கும்.

லேபில் ரத்த அணுக்களை எண்ணுகிறவள் நான்.
அளக்காமல் ஒன்றை எப்படி வாங்குவது?
"ஒரு நிமிஷம் பேசாம இருங்க" என்றேன்.

மின்சாரம் இன்னும் என் பேருக்கு மாறவில்லை,
ஏசி இல்லை.
வியர்வை காதோரம் இறங்கியது.
கீழே ஒரு மைனா யாரையோ திட்டிவிட்டு
பாதியில் நிறுத்தியது.
சுவருக்குள் ஒரு குழாய்,
எந்த வீட்டுக் குளியலோ, ஓடி அடங்கியது.
அதற்கப்புறம் ஒன்றுமில்லை.
அவர் சட்டைப்பையில் போன் அதிர்ந்தது.
எடுக்கவில்லை. திரும்பவும் அதிர்ந்தது.
தானே ஓய்ந்தது.

நிமிடம் முடிந்ததை நான் சொல்லவில்லை.
அவரும் கேட்கவில்லை.
சுவரில் சாய்ந்து, மெதுவாகச் சறுக்கி,
தரைக்கு வந்து ஷூ காலை நீட்டிக்கொண்டார்.

"தினம் ஆறு ஃப்ளாட் காட்டுறேன்.
எல்லாத்தையும் அமைதின்னுதான் சொல்றேன்.
தேராவுல எங்க ரூம்ல பன்னெண்டு பேர்.
இது... இப்படித்தான் இருக்குமா?"

எனக்கு எப்படித் தெரியும்,
நானும் இன்றைக்குத்தான் கேட்கிறேன்.

அஞ்சு நிமிஷம் உட்கார்ந்துக்கவா என்றார்.
உட்காருங்க, அந்த மூவாயிரத்தைக் குறைங்க என்றேன்.
இரண்டாயிரம் குறைந்தது.

நான்கு செக்.
செப்டம்பர், டிசம்பர், மார்ச், ஜூன்.
சமையல் மேடையில் வைத்துப் போட்டேன்
வராத மாதங்களுக்கெல்லாம் கையெழுத்து:
செலஸ்டினா மச்சாது, செலஸ்டினா மச்சாது.
என் வேலை ஒப்பந்தம் பிப்ரவரியோடு முடிகிறது.
அதை மொகுதூமிடம் சொல்லவில்லை,
பேனாவிடமும் சொல்லவில்லை,
ஆனால் மார்ச்சுக்கு வந்ததும் மை நின்றுவிட்டது.
உதறினேன்.
ஒரு நீலச் சொட்டு வெள்ளை டைல்மேல் தெறிக்க
எழுதத் தொடங்கியது.

முதல் இரவு.
விடியற்காலை நாலுக்கு விழித்துக்கொண்டேன்,
யாருடைய அலாரமோ அடித்தாற்போல.
ஒருவருமில்லை.
விளக்கைப் போட்டேன், யாரும் முனகவில்லை.
அந்தச் சொட்டைச் சோப்புப் போட்டுத் தேய்த்தேன்.
போகவில்லை. டெபாசிட்டில் பிடிப்பார்கள்.

பிறகு குளிக்கப் போனேன்
குளியலறைக் கதவை
அகலத் திறந்து வைத்துவிட்டு.